முப்பதுக்கு மேல் ஏற்றாதீர்

வோய்-யோல், 14 மே 1995

மின்ஸிலியா கரீபொவ்னா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் கணவரை ஒரு தாளில் பார்த்திருப்பீர்கள். எகோர் ரோச்சேவ், வெல்டர். முப்பத்தேழாவது கிலோமீட்டரில் எண்ணெய்க் குழாய் கிழிந்து தீப்பிடித்ததில் வெந்து, ஒன்பது நாள் மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்து, மார்ச் 28-ஆம் தேதி செத்துப்போனவர்.

அந்த இடத்தில் முன்பே ஒரு ஓட்டை இருந்தது. அதன்மேல் கப்ளிங் போட்டது எகோர்தான். இரண்டு அரைவட்டத் தகடுகளைக் குழாயைச் சுற்றிக் கவ்வவைத்து வெல்டிங் செய்வது அவருக்குப் புதிதல்ல, பதினாலு வருஷமாகச் செய்தது. உங்கள் ஆய்வுக்கூடம் அந்தக் கப்ளிங்கைச் சோதித்து, வெல்டிங்கில் குறை இருக்கிறது என்று எழுதியது. கீழே உங்கள் கையெழுத்து. அதை வைத்து விசாரணைக் குழு முடிவு சொல்லிவிட்டது: விபத்துக்குக் காரணம் இறந்தவரின் கவனக்குறைவு.

அதாவது என் கணவர் தன்னைத்தானே கொளுத்திக்கொண்டார்.

எங்கள் எண்ணெய்க் குழாய்ப் பிரிவின் தலைவர் லியோனித் குஸ்மிச் என்னைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடும்மா ஃபாயினா. உஃபாவிலேருந்து பெரிய ஆளுங்க எழுதிட்டாங்க, நான் என்ன பண்றது" என்றார்.

"அவங்க எகோரைப் பார்த்திருக்காங்களா?"

"ஆளை எதுக்குப் பார்க்கணும். இரும்பைப் பார்த்தா போதும்."

இழப்பீடு இல்லை. ஏழு வருஷமாகக் குடியிருப்பு வரிசையில் இருந்த எங்கள் பெயரையும் அடித்துவிட்டார்கள். நானும் இரண்டு பெண்களும் சக்கரம் கழற்றிய தகர வண்டியில் இருக்கிறோம். சுவரில் உள்பக்கம் பனி பூக்கும்.

ஒன்பது நாளும் எகோர் என்னிடம் சொன்னது, "என் வெல்டிங் விடலை" என்பதுதான். வெந்தவனின் உதட்டை நீங்கள் பார்த்திருந்தால், அதிலிருந்து மூன்று சொல் வர எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்திருக்கும். நீங்கள் எத்தனை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்?

ஃபாயினா ரோச்சேவா


உஃபா, 29 மே 1995

திருமதி ரோச்சேவா அவர்களுக்கு,

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன்.

எங்களுக்கு அனுப்பப்பட்ட கப்ளிங்கின் நீளவாக்கு வெல்டிங்கில் கசடு அடைபட்ட ஓர் இடம் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர். அறிக்கையில் நான் எழுதியது அவ்வளவுதான். அதுவே விபத்துக்குக் காரணம் என்று நான் எழுதவில்லை, குழு எழுதியது. என்னிடம் தரப்பட்ட இரும்பைப் பற்றி மட்டுமே நான் சொல்ல முடியும். தராத இரும்பைப் பற்றிச் சொல்ல முடியாது.

முடிவை எதிர்த்து நீங்கள் மேல்முறையீடு செய்யலாம்.

மி. க. சாபித்தோவா
குழாய் வலிமை ஆய்வுக்கூடம்


வோய்-யோல், 11 ஜூன் 1995

மின்ஸிலியா கரீபொவ்னா,

தராத இரும்பைப் பற்றிச் சொல்ல முடியாது என்று எழுதினீர்கள். சரி, தந்துவிடுகிறேன்.

கிழிந்த குழாயை உருக்கிவிட்டதாக குஸ்மிச் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். உருக்க இங்கே உலை எங்கே இருக்கிறது? பிரிவுக் கொட்டகைக்குப் பின்னால் பழைய இரும்போடு கிடந்தது. என் தம்பி ப்ரோகோப் பிரிவில் டிராக்டர் ஓட்டுகிறான், குழாய்ப் பாதையில் நடந்து பார்வையிடுவதும் அவன் வேலை. காவல்காரனுக்கு இரண்டு பாட்டில் வோட்கா கொடுத்து, கப்ளிங்குக்குப் பக்கத்தில் கிழிசல் இருக்கிற துண்டை மட்டும் அறுத்து எடுத்தோம். முப்பது கிலோ இருக்கும். எகோரின் பஞ்சுச் சட்டையில் சுற்றிக் கோணியில் தைத்திருக்கிறேன். ரயில் நடத்துனர் ஒருத்தி கீரவ் நகரம் வரை கொண்டுவருவாள். அங்கிருந்து அவளுடைய மைத்துனி உஃபாவுக்குக் கொண்டுவருவாள்.

பிரிக்கும்போது ஜாக்கிரதை. விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. உங்கள் கை எழுதும் கை, வெட்டுப்படக் கூடாது.

இப்போது இரும்பு உங்களிடம் இருக்கிறது. இனி என்ன காரணம் சொல்வீர்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஃபாயினா


உஃபா, 27 ஜூன் 1995

ஃபாயினாவுக்கு,

துண்டு வந்தது. நான் அதைத் தனியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் யாரும் இல்லாதபோது அளந்தேன். ஏற்கெனவே என்னிடம் இருந்த கப்ளிங்கின் விளிம்பும் உங்கள் துண்டின் விளிம்பும் கிழித்த காகிதம்போல ஒன்றோடொன்று பொருந்தின.

எளிமையாகச் சொல்கிறேன். அந்தக் குழாயின் சுவர் புதிதாக இருந்தபோது எட்டு மில்லிமீட்டர். எண்ணெயோடு வரும் உப்புத் தண்ணீர் அடியில் தங்கி, குழாயின் வயிற்றில் வாய்க்கால் வெட்டியதுபோல் நீளமாக அரித்திருக்கிறது. அந்த வாய்க்காலில் இரும்பு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஓட்டை விழுந்த இடத்தில் நாற்பது சென்டிமீட்டர் நீளத்துக்குக் கப்ளிங் போட்டிருக்கிறார்கள். வாய்க்கால் கப்ளிங்குக்கு வெளியேயும் போகிறது. கிழிசல் கப்ளிங்கிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்கி, அதன் விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. உங்கள் கணவரின் வெல்டிங் விடவில்லை. கசடு இருந்த இடத்தில்கூட விடவில்லை.

நிச்சயப்படுத்திக்கொள்ள, அதே அளவுக் குழாயில் அதே ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, அதே குட்டைக் கப்ளிங்கைப் போட்டு, எங்கள் சோதனைக் குழியில் தண்ணீர் ஏற்றிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று அட்மாஸ்பியர் அழுத்தத்தில் கிழிந்தது. கப்ளிங் அப்படியே இருந்தது.

இனி எழுதப்போவதை எழுத மூன்று நாள் தயங்கினேன்.

மார்ச் தொடக்கத்தில் லியோனித் குஸ்மிச் என்னிடம் தந்தியில் கேட்டார்: குட்டைக் கப்ளிங் போட்டபின் நாற்பத்தைந்து ஏற்றலாமா? நான் மார்ச் 6-ஆம் தேதி பதில் தந்தி அடித்தேன். இரண்டு மீட்டர் கப்ளிங் போடவும், அதுவரை முப்பதுக்கு மேல் ஏற்றாதீர். தபால் நிலைய முத்திரை வைத்த என் பிரதி மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஏப்ரலில் கப்ளிங் மட்டும் தனியாக வந்தபோதே எனக்கு உறுத்தியது. போன் செய்து குழாய் எங்கே என்று கேட்டேன். "உருக்கிட்டாங்கம்மா, நீங்க இருக்கறதைப் பாருங்க" என்றார். பார்த்தேன். முழுப் பொருளும் தரப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. முப்பது என்று நான் சொன்னதையும் எழுதவில்லை. ஐந்து மாதமாக இங்கே சம்பளம் இல்லை. உங்கள் எண்ணெய் நிறுவனத்தின் ஒப்பந்தம் ஒன்றால்தான் ஆய்வுக்கூடத்தில் விளக்கு எரிகிறது. யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எத்தனை நிமிடம் என்று கேட்டீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மின்ஸிலியா


வோய்-யோல், 9 ஜூலை 1995

மின்ஸிலியா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா? எங்கள் ஊரில் படித்தவர்களை அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார்கள். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தை வண்டிக்கு வெளியே படியில் உட்கார்ந்து படித்தேன். கொசு மொய்த்தது, எழுந்திருக்கவில்லை. பெரியவள் வந்து, "என்னம்மா, யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள். "யாரும் சாகலை. உங்க அப்பா வெல்டிங் நல்லா இருந்துச்சாம்" என்றேன். அதற்கு அவள், "அது நமக்குத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாவட்டத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். உங்கள் அளவுகள் போதாது என்கிறார். யார் அழுத்தத்தை ஏற்றச் சொன்னது என்பதுதான் வழக்காம். குஸ்மிச், "தந்தியா? எந்தத் தந்தி?" என்கிறார். பிரிவு அலுவலகக் கோப்பில் அந்தத் தாள் இல்லை. இங்கே தபால் நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய தாள்களை எரித்துவிடுகிறார்கள். ஆக, முத்திரை வைத்தது உங்களிடம் இருப்பது ஒன்றுதான். வக்கீல் அசல் வேண்டும் என்கிறார். நகலைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம்.

அனுப்புவீர்களா? பயமாக இருந்தால் வேண்டாம். உங்களுக்கும் வேலை இருக்கிறது, வயசு இருக்கிறது. நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

ஃபாயினா


உஃபா, 21 ஜூலை 1995

ஃபாயினாவுக்கு,

அக்கா என்றே எழுது. இங்கே ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், திட்டுகிறபோதும்.

தந்தியைப் பதிவுத் தபாலில் இத்துடன் வைத்திருக்கிறேன். சாட்சி சொல்ல நானே வருகிறேன். தேதி தெரிந்ததும் எழுது. இயக்குநருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை.

தனியாக ஒரு பெட்டியில் லிண்டன் மரப் பூத்தேன் அனுப்பியிருக்கிறேன். என் அண்ணன் வீட்டுக் கூட்டிலிருந்து எடுத்தது. குழந்தைகளுக்குக் கொடு.

நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாளைப் பார்க்க வேண்டியிருந்தது. இனி வேண்டாம்.

மின்ஸிலியா


வோய்-யோல், 5 ஆகஸ்ட் 1995

மின்ஸிலியா அக்காவுக்கு,

தந்தி பத்திரமாக வந்தது. எகோரின் வேலைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பெண்கள் தேனைக் கரண்டியால் அள்ளித் தின்கிறார்கள், ரொட்டிக்கு மிஞ்சவில்லை. சதுப்பு நிலத்து மஞ்சள் பெர்ரிகள் இப்போதுதான் பழுத்திருக்கின்றன. ஒரு வாளி பறித்துச் சர்க்கரை போட்டு வைத்திருக்கிறேன். யாராவது தெற்கே போனால் கொடுத்தனுப்புகிறேன்.

தாள் என்னிடம் இருக்கிறது என்று குஸ்மிச்சிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. முதலில் சிரித்தார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, "உட்காரு ஃபாயினா" என்றார். பதினாலு வருஷத்தில் அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

ஃபாயினா


வோய்-யோல், 12 செப்டம்பர் 1995

மின்ஸிலியா கரீபொவ்னா அவர்களுக்கு,

இதை வேறு யார் மூலமாகவும் நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

தந்தியைக் குஸ்மிச்சிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை என் கண் முன்னால் எரித்தார்.

ஒரு மாதமாகப் பேசினார். வீட்டுக்கே வந்தார், பெண்களுக்கு ஆரஞ்சு கொண்டுவந்தார். "கோர்ட்டுக்குப் போனா நாலு வருஷம் இழுக்கும். ஜெயிச்சேன்னு வச்சுக்கோ, நான் உள்ளே போவேன், நீ இதே தகரத்துல கிடப்ப. யாருக்கு என்ன லாபம், நீயே சொல்லு" என்றார்.

"எகோர் பேரு?" என்று கேட்டேன்.

"அதை நான் சுத்தமாக் கழுவித் தர்றேன். வெல்டிங் நல்லாத்தான் இருந்துச்சு, உஃபா அம்மா கணக்குல தப்பு பண்ணிட்டாங்க, நாப்பத்தஞ்சு தாங்கும்னு போன்ல சொன்னாங்கன்னு எழுதிடலாம். எகோருக்குப் பழியில்ல. உனக்கு வீடு."

"அவங்க?"

"படிச்சவங்க. எங்கேயாவது பிழைச்சுக்குவாங்க. எகோரை மாதிரி வேகவா போறாங்க?"

நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். நீங்கள் எனக்கு நல்லது செய்தீர்கள். ஆனால் முதலில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள்தான், அப்புறம்தான் நல்லது. எகோர் குற்றவாளி இல்லை என்று இப்போது முத்திரையோடு தாள் இருக்கிறது. மூன்றாம் மாடியில் இரண்டு அறை. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது. சின்னவள் முதல்நாள் அதன் கீழே கையை வைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றாள்.

உங்களை விசாரிக்க வருவார்கள். தந்தி கிடைத்ததா என்று என்னைக் கேட்டார்கள். தேன் மட்டும்தான் வந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்டில் நான் எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கும், தந்தி வந்தது என்று என் கையாலேயே எழுதியது. அதை நீங்கள் காட்டினால் நானும் பெண்களும் தெருவில்தான். காட்ட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதங்களை அத்தனை தடவை படித்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை.

ரோச்சேவா


உஃபா, 30 செப்டம்பர் 1995

ஃபாயினா,

விசாரணை அதிகாரி மூன்று முறை வந்தார். இளைஞர், மரியாதையானவர். என் இழுப்பறைகளைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தார். தந்தியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன் என்று ரசீதைக் காட்டினேன். "இதில் ஓர் உறை போனது தெரிகிறது, உள்ளே என்ன இருந்தது என்று தெரியவில்லையே" என்றார். இயக்குநர் என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். உடன் வேலை செய்தவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

உன் ஆகஸ்டுக் கடிதத்தை நேற்று அந்த அதிகாரியிடம் கொடுத்தேன். செப்டம்பர் 12-ஆம் தேதிக் கடிதத்தையும் சேர்த்துத்தான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழாய்ப் பாதையில் அதே மாதிரிக் குட்டைக் கப்ளிங்குகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. பட்டியல் என்னிடம் இருக்கிறது. நாற்பத்தைந்து தாங்கும் என்று உஃபா சொன்னதாகத் தாளில் ஏறிவிட்டால், நாளை எல்லாப் பிரிவிலும் அந்தத் தாளைக் காட்டி நாற்பத்தைந்து ஏற்றுவார்கள். பதினொரு இடத்திலும் யாராவது நடப்பான். உன் தம்பி நடப்பான்.

இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. உன் கடைசிக் கடிதத்தில், காட்ட மாட்டீர்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் பலமுறை படித்தேன். நான் எவ்வளவு தாங்குவேன் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். முப்பது வருஷம் நான் செய்த வேலை அது. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பால் விட்டுத் தேநீர் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தேன். நன்றாக இருந்தது. உன் பெண்களை நினைத்தேன். அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. என்னைப் பற்றி இது எனக்குத் தெரியாமல் இருந்தது.

மீண்டும் எழுதாதே.

சாபித்தோவா


உஸ்த்-யோல் கிராமம், 19 நவம்பர் 1995

எழுதாதே என்றீர்கள். ஒருமுறைதான், அப்புறம் இல்லை.

வீட்டைக் காலிசெய்ய நாலு நாள் கொடுத்தார்கள். இப்போது ப்ரோகோப் வீட்டில், அடுப்புக்குப் பின்னால் இருக்கிறோம். அவன் மனைவி நான் ரொட்டி எடுக்கும்போது கையைப் பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் என் பெரியவளிடம், "உங்க அம்மா உங்க அப்பாவை வித்துட்டாங்களாமே, எவ்வளவுக்கு?" என்று கேட்கிறார்கள். குஸ்மிச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு பிரிவுக்கு உதவித் தலைவராக மாற்றியிருக்கிறார்கள். உங்களை விட்டுவிட்டார்கள், ஆனால் வேலையைத் திருப்பித் தரவில்லை என்று கேள்விப்பட்டேன். குழாயில் முப்பதுதான் ஏற்றுகிறார்கள். ப்ரோகோப் தினமும் நடந்துவிட்டு முழுசாகத் திரும்பிவருகிறான். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை.

நீங்கள் உங்களைப் பற்றி ஒன்று சொன்னீர்கள். நானும் சொல்கிறேன்.

முப்பது என்ற எண் உங்கள் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு மார்ச்சிலேயே தெரியும். 19-ஆம் தேதி காலை குஸ்மிச் எங்கள் தகர வண்டிக்கு வந்தார். நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.

"எகோர், இன்னிக்கு நாப்பத்தஞ்சு ஏத்தறோம். நீ போட்ட கப்ளிங், நீயே பக்கத்துல நின்னு பார்த்துக்கோ" என்றார்.

"முப்பதுக்கு மேல வேணாம்னு உஃபாவிலேருந்து தந்தி வந்துருக்கு. நானே படிச்சேன். நான் நிக்க மாட்டேன்."

"குடியிருப்பு லிஸ்ட்டு நாளைக்குப் போகுது. மேல பேர் வர்றதும் கீழ போறதும் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு குஸ்மிச் வெளியே ஜீப்பில் போய் உட்கார்ந்தார். இஞ்சினை நிறுத்தவில்லை.

எகோர் மறுபடியும் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் அவர்மேல் போர்த்தியிருந்ததை இழுத்துத் தரையில் போட்டேன். "ஏழு வருஷம் என் பிள்ளைங்க தகரத்துல இருமுதுங்க. ஊர்ல எல்லாரும் நிக்கிறான், உனக்கு மட்டும் உசுரு வெல்லமா? நீ போகலைன்னா நான் போய் நிக்கிறேன். நீ வீட்ல பாவாடை கட்டிக்கிட்டு உக்காரு" என்றேன். பெண்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்து பூட்ஸ் போட்டார். டீயைக் குடிக்கவில்லை.

இதை வக்கீலிடம் சொல்லவில்லை, ப்ரோகோப்பிடம் சொல்லவில்லை. உங்களை முதல் கடிதத்திலிருந்தே குத்தினேன், நீங்களாகவே அந்த எண்ணைச் சொல்லும்வரை. என் வாயிலிருந்து வந்தால், எகோருக்குத் தெரியுமா, தெரிந்தும் ஏன் போனார் என்று அடுத்த கேள்வி வரும்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் பக்கத்தில் இருந்தேன். வெல்டிங்கைப் பற்றிச் சொன்னார், தண்ணீர் கேட்டார், பெண்களைக் கேட்டார். அந்தக் காலையைப் பற்றி அவர் சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். டாக்டர் வந்தார், ப்ரோகோப் வந்தான், குழுவிலிருந்துகூட ஒருவர் வந்து, யார் உங்களைப் போகச் சொன்னது என்று குனிந்து கேட்டார்.

எகோர் என்னைப் பார்த்தார். பிறகு, "நானாத்தான் போனேன்" என்றார்.